மஞ்சள் விளக்கும் மானிய வண்டியும்

இந்தப் பக்கத்தில் வன்கொடுமை வழக்கு, கல்வி உதவித்தொகை, பஞ்சமி நிலம் என்று எழுதி வந்தவள் திடீரென்று வண்டி சைலன்சரைப் பற்றி ஏன் எழுதுகிறாள் என்று தோழர்கள் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், 2021இல் ஒரு பெட்ரோல் பிக்கப் வண்டி எடுத்தார். தாட்கோ மானியம் கொஞ்சம், மீதி வங்கிக் கடன். நாகரசம்பட்டியில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் சரக்கு வண்டி அது. வண்டி வந்த அன்று பெரியம்மா அதற்கு ஆரத்தி எடுத்தார். அண்ணன் கண்ணாடி மேல் நீல எழுத்தில் 'ஜெய்பீம்' ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை, மாங்காய் சீசனில் தோப்பிலிருந்து மாங்கூழ் ஆலை, மற்ற நாளில் தேங்காய், தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியாக பெங்களூரு. மாதத் தவணை ஒன்றுகூடத் தவறாமல் மூன்று வருஷம் ஓடியது.

2024 அக்டோபரில் மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

பைபாஸ் ஓரத்தில் ஒரு மெக்கானிக். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பி 0420 என்று வந்தது. "ஒண்ணுமில்ல, அழிச்சு விட்டுடறேன்" என்று ஒரு பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது. 500 ரூபாய். ஒன்பதாம் நாள் மறுபடி எரிந்தது. மறுபடி 500 ரூபாய். இந்த முறை ஆறு நாள்.

பிறகு அண்ணன் பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குப் போனார். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். அவர்கள் ஒரு நாள் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, "கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போச்சு, மாத்தணும்" என்றார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகுமாம். "மூணு வருஷத்துல எப்படிங்க போகும்?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அங்கே மேசையில் உட்கார்ந்திருந்தவர் எஸ்டிமேட் தாளில் எழுதியிருந்த கடன் விவரத்தைப் பார்த்துவிட்டு, "மானியத்துல வாங்குற வண்டி எல்லாம் இப்படித்தான் வருது. ஓட்டத் தெரியணும், பராமரிக்கத் தெரியணும். சும்மா கிடைச்சா அருமை தெரியாது" என்றிருக்கிறார்.

அண்ணன் அதை என்னிடம் சொன்னபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "ஒருவேளை நாந்தான் சரியா ஓட்டலையோ பாப்பா" என்றுதான் கேட்டார். அதுதான் என்னை உறுத்தியது.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. இரண்டு வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு திட்டத்துக்காக, மானியக் கடனில் வண்டி வாங்கியவர்களில் பலர் ஏன் பாதியில் விற்றுவிடுகிறார்கள் என்று அறிக்கை எழுதினேன். அதில் காரணங்களின் பட்டியலில் என் கைப்பட எழுதிய முதல் வரி: 'பயனாளிகளிடம் பராமரிப்பு குறித்த விழிப்புணர்வு இல்லை.' மேசையில் உட்கார்ந்திருந்தவர் சொன்னதையே நான் மரியாதையான தமிழில் எழுதியிருக்கிறேன். சமூகவியலில் முதுகலை படித்தவள் நான்.

அண்ணனால் நாற்பதாயிரம் புரட்ட முடியவில்லை. வெளிக்கடை ஒன்றில் 9,000 ரூபாய்க்கு வேறொரு கன்வர்ட்டர் போட்டார். பழையதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அது வேஸ்ட்டுங்க, நாங்களே எடுத்துக்கறோம்" என்றார்கள். இவரும் விட்டுவிட்டு வந்தார். விளக்கு இரண்டு மாதம் எரியவில்லை. 2025 பிப்ரவரியில் மறுபடி அதே பி 0420. கூடவே மைலேஜும் குறைந்தது, மேட்டில் வண்டி இழுக்கவில்லை. மே மாதம் மாங்காய் சீசன் தொடங்கிவிடும். வருஷத்தின் பாதி வருமானம் அந்த மூன்று மாதத்தில்தான். வண்டி நின்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் வண்டி போகும்.

அப்போதுதான் எங்கள் தெருத் தம்பி ஒருவர் வந்தார். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தவர், ஓசூரில் அப்ரண்டிஸ் முடித்து, இப்போது ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் வேலை. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வைத்திருந்தார், செல்போனில் பார்க்கலாம். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணா, இனிமே யாரையும் கோடு அழிக்க விடாதீங்க."

அவரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கு நேரடியாகவே பயன்படும்.

என்ஜினில் பெட்ரோல் எரிந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கும். சைலன்சர் குழாயின் நடுவில் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். புகை அதன் வழியாகப் போகும்போது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறுகிறது. இதுதான் கன்வர்ட்டர். அதற்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை. கன்வர்ட்டர் நன்றாக வேலை செய்தால் பின் சென்சார் பெரிதாக ஆடாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும் குறிதான் பி 0420.

"அப்ப கன்வர்ட்டர்தானே போயிருக்கு?" என்று கேட்டேன்.

"அக்கா, கோடு எது போச்சுன்னு சொல்லாது. எங்க வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும். கன்வர்ட்டர் தானா சாகறது ரொம்பக் கம்மி. முன்னால இருக்கற ஏதோ ஒண்ணு அதைக் கொல்லும்."

கொல்லக்கூடியவற்றை வரிசையாகச் சொன்னார். ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழாவிட்டால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். சூடு எல்லை மீறி உள்ளே தேன்கூடு உருகிவிடும். என்ஜின் ஆயில் குடித்தால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதன் மேல் படிந்து மூடிவிடும். கலப்பட பெட்ரோல், உள்ளே கசியும் கூலண்ட் இதெல்லாமும் உண்டு. இது எதுவுமே இல்லாமல், குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனால் சென்சார் பொய் சொல்லும்.

கோடை அழிக்காமல் விட்டதால் அது பதிவான நொடியில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற விவரமும் கம்ப்யூட்டரில் இருந்தது. எத்தனை சுற்று, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு, பெட்ரோல் எவ்வளவு சேர்ந்தது என்று எல்லாம். இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்கிறார்கள். கோடை அழிக்கும்போது இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். முதல் இரண்டு முறை 1,000 ரூபாய் கொடுத்து நாங்கள் அழித்தது இந்தச் சாட்சியத்தைத்தான்.

கோடு ஏன் சில நாள் கழித்துத் திரும்பி வருகிறது என்பதும் புரிந்தது. அழித்த பிறகு கம்ப்யூட்டர் தன் சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து நடத்த வேண்டும். அதற்குக் குறிப்பிட்ட சூடு, குறிப்பிட்ட வேகம், நிற்காத ஓட்டம் எல்லாம் அமைய வேண்டும். அந்தச் சோதனை முடியும் வரை விளக்கு எரியாது. கோளாறு சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஸ்கேனரில் 'சோதனை முடியவில்லை' என்று இருந்தால், அண்மையில் யாரோ அழித்திருக்கலாம் என்று அர்த்தம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிறகு ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணைப் பார்த்தார். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. எங்கள் வண்டியில் நின்ற இடத்தில் 18 சதவீதம் கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் 6க்கு இறங்கியது. "காத்து எங்கேயோ பூருது" என்றார்.

மறுநாள் விடியற்காலை, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து காதை வைத்துக் கேட்டோம். டிக் டிக் என்று ஒரு சத்தம். வண்டி சூடானதும் அது நின்றுவிட்டது. சைலன்சர் முனையை ஈரத் துணியால் கொஞ்ச நேரம் அடைத்துப் பிடித்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்தோம். என்ஜினோடு குழாய் சேரும் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் குமிழி வந்தது. பக்கத்தில் கரி படிந்த கோடு. அங்கே இருக்க வேண்டிய ஸ்டட் ஒன்று இல்லவே இல்லை.

இனி கதை தெளிவு. கேஸ்கெட் ஓட்டை வழியாக முன் சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அதைப் பார்த்து 'ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் பற்றவில்லை' என்கிறது. கம்ப்யூட்டர் நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. ஸ்பார்க் பிளக் எல்லாம் கரி பிடித்துக் கறுத்துவிட்டன. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போய் அதை வேகவைக்கிறது. கடைசியில் விளக்கு எரிந்து கன்வர்ட்டரின் பெயரைச் சொல்கிறது.

கேஸ்கெட், ஸ்டட், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. டிரிம் 3 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் 9,000 ரூபாய் கன்வர்ட்டர் அதற்குள் வெந்துபோயிருந்தது. பின் சென்சார் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

"பழைய கன்வர்ட்டர் இருந்தா போட்டுப் பாத்திருக்கலாம்ணா. அது நல்லாவே இருந்திருக்கலாம்" என்றார் தம்பி. அதுதான் எங்களிடம் இல்லையே. உள்ளே இருக்கும் பிளாட்டின உலோகங்களுக்காகப் பழைய ஒரிஜினல் கன்வர்ட்டரை நல்ல விலைக்கு வாங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வேஸ்ட் என்று சொல்லி எடுத்துக்கொண்டது அதனால்தான்.

வீட்டில் இருந்த பில்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். 2023இல் ஆயில் கசிவு என்று அதே பெரிய சர்வீஸ் நிலையத்தில் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பில்லில் 'கேஸ்கெட் 1' என்று காசு வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் கழற்றியது நைந்துபோன பழைய கேஸ்கெட். ஸ்டட் இல்லாமல் போனதும் அப்போதுதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 'ஓட்டத் தெரியணும்' என்று சொன்ன இடம் அதுதான். சீசனுக்கு முன் மகளிர் குழுவில் பெரியம்மா பெயரில் கடன் எடுத்து ஒரிஜினல் கன்வர்ட்டரே போட்டோம். ஒரு மாங்காய் சீசன் முழுக்க ஓடி முடித்துவிட்டது. விளக்கு எரியவில்லை.

தோழர்களே, இதில் நமக்கு என்ன இருக்கிறது?

ஒன்று, அழிக்கும் பொத்தான். நம் வட்டாரத்தில் டீக்கடையில் நமக்கு மட்டும் பேப்பர் கப், கோயில் திருவிழாவில் தகராறு என்று எது நடந்தாலும் முதலில் வருவது 'அமைதிப் பேச்சுவார்த்தை'. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். விளக்கு அணையும். அடுத்த திருவிழாவில் மறுபடி எரியும். அந்தக் கையெழுத்தில் அழிவது சாட்சியம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்தால் சேர்ந்த 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை. விதிகளின்படி டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மாவட்ட விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். எது, எப்போது, எந்த நிலையில் நடந்தது என்று எழுத்தில் இருந்தால்தான் அடுத்த முறை திரும்பி வரும்போது இது இரண்டாவது முறை என்று காட்ட முடியும். பதிவு செய்யாமல் சமரசம் என்றால் நாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம், அவர்கள் அப்படி அல்ல.

இரண்டு, பழி யார் மேல் விழுகிறது என்பது. வண்டியில் மற்றவர்களின் அழுக்கைச் சுத்தம் செய்யும் பாகம் கன்வர்ட்டர். அழுக்கு தாங்க முடியாமல் போகும்போது குற்றவாளியாக நிற்பதும் அதுதான். மலக்குழியில் இறங்கிச் சாகிற தோழரைப் பற்றி வரும் செய்தியைப் பாருங்கள்: 'பாதுகாப்பு உபகரணம் அணியவில்லை'. யார் இறக்கியது, ஏன் எந்திரம் வரவில்லை, ஏன் எப்போதும் அதே சாதி என்பது செய்தியில் இருக்காது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. மலக்குழி மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை.

மூன்றாவது விஷயம் கன்வர்ட்டரின் வரலாற்றில் இருக்கிறது. யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அமெரிக்காவில் 1950களிலேயே வண்டிப் புகைக்கு இப்படி ஒரு கருவியை உருவாக்கினார். ஆனால் வண்டிகளில் போட முடியவில்லை. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, ஈயம் பட்டால் அந்த உலோகப் பூச்சு செத்துவிடும். பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்த பிறகுதான் 1970களின் நடுவில் அமெரிக்க வண்டிகளில் கன்வர்ட்டர் வந்தது. இந்தியாவில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாப் பெட்ரோலும் சேர்ந்தே வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நிறுத்தப்பட்டது.

நல்ல கன்வர்ட்டரைக் கண்டுபிடிப்பது போதவில்லை. ஓடுகிற பெட்ரோலில் இருக்கும் விஷத்தை எடுக்க வேண்டியிருந்தது. தீண்டப்படாதவரைத் திருத்தினால் தீண்டாமை போய்விடும் என்று சொன்னவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பதிலும் இதுதான். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அவர் எழுதிய உரையைப் பேசவிடாமல் செய்தார்கள், அவரே அச்சிட்டு வெளியிட்டார். குணப்படுத்த வேண்டியது நம்மை அல்ல, சாதியை என்பதுதான் அதன் சாரம்.

அந்த பிளாட்டினம் எங்கிருந்து வருகிறது என்றும் தேடினேன். உலகின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இருந்து. அங்கே மாரிகானாவில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் 34 பேரை 2012 ஆகஸ்ட் 16 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. காதல் திருமணம் காரணம் என்றார்கள். ஆனால் எரிந்தவற்றில் வண்டிகளும் இருந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த பொருள்கள் இருந்தன. காலனியில் நிற்கும் ஒரு வண்டி சிலர் கண்ணை எவ்வளவு உறுத்தும் என்று நமக்குத் தெரியும். அண்ணன் இன்றும் ராத்திரியில் வண்டியைத் தெரு முனையில் விடமாட்டார், வீட்டுச் சுவரை ஒட்டித்தான் நிறுத்துவார். 2012இல் அவருக்கு இருபத்தைந்து வயது.

கடைசியாக என் அறிக்கைக்கு வருகிறேன். பழைய பட்டியலை எடுத்து, வண்டியை விற்றுவிட்ட பதினொரு பேரில் தொடர்பு கிடைத்த ஏழு பேரிடம் மறுபடி பேசினேன். இந்த முறை 'ஏன் பராமரிக்கவில்லை' என்று கேட்கவில்லை. 'முதல் கோளாறு எப்போது வந்தது, எங்கே கொண்டுபோனீர்கள், என்ன சொன்னார்கள், பில் இருக்கிறதா' என்று கேட்டேன். நான்கு பேர் ஒரே பாகத்தை இரண்டு முறைக்கு மேல் மாற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கும் தன் வண்டியின் கோடு எண் சொல்லப்படவில்லை. ஏழு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் வரியை என் அறிக்கையிலிருந்து எடுக்க அது போதும். எடுத்துவிட்டதாக அந்த நிறுவனத்துக்குக் கடிதமும் எழுதிவிட்டேன்.

இப்போது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் கிடைக்கின்றன. நம் பிள்ளைகள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே மூன்று விஷயங்கள் செய்யுங்கள். பத்து வண்டிக்கு ஒரு ஸ்கேனர் வாங்கித் தெருவில் வையுங்கள். கோடு எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுக்காமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், அது உங்களுடையது.

தம்பி அடுத்த மாதம் போச்சம்பள்ளி ரோட்டில் சொந்தமாக ஒர்க்ஷாப் போடுகிறார். கடன் விண்ணப்பத்தை நான்தான் எழுதிக்கொடுத்தேன். அதில் 'விழிப்புணர்வு' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

ஜெய் பீம்.